மேடையில் எனக்கு நாற்காலி போடாதே

மகனுக்கு,

ஸலாம். உன் பள்ளிக்கூடத் திறப்பு விழா அழைப்பிதழ் போன வாரம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. வழவழப்பான காகிதம், பச்சையில் எழுத்து, அதியமான்கோட்டை பைபாஸ் ஓரத்துக் கட்டடத்தின் படம், அதற்கு மேலே 'மார்க்கக் கல்வியோடு ஒழுக்கக் கல்வி' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. கிராஅத், வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் 'முன்மாதிரித் தாய் விருது' என்று போட்டு என் பெயரை அச்சடித்திருக்கிறாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். என் பெயர்தான். நான் வரமாட்டேன். மேடையில் எனக்கு நாற்காலி போடாதே. சால்வை வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

இதைப் போனில் சொல்லலாம்தான். வந்த அன்றே சொல்லத் தொடங்கினேன், "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிட்டாய். மறுநாள் கூப்பிட்டேன், அப்போதும் மீட்டிங். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா? உறையை நான் ஒட்டவில்லை. உன் மனைவி நசீமா படித்துவிட்டுத்தான் உன் கையில் தருவாள். அவளுக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் உன்னோடு குடும்பம் நடத்த வைத்தோமே என்று எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு விஷயம் சொன்னதே நசீமாதான். பாவம், ஊர்ப்பேச்சுப்போலச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க ஆள் எடுத்தீர்களாம். மொரப்பூரிலிருந்து ஒரு பெண் வந்து ஓதிக் காட்டினாளாம். குரலும் நன்றாக இருந்ததாம், பிள்ளைகளிடம் பேசுகிற விதமும் எல்லோருக்கும் பிடித்துப்போனதாம். கமிட்டியில் இருக்கிற நம் ஊர்ப் புளிமண்டிக்காரர் அவள் மனுவில் தகப்பன் பெயரைப் பார்த்துவிட்டு, 'இவ பாப்பாரப்பட்டிக்காரியாச்சே, சின்ன வயசுலயே கைசுத்தம் இல்லாதவளாச்சே' என்றாராம். அத்தோடு முடிந்தது. வேறு பெண்ணை எடுத்துவிட்டீர்கள். அந்த மொரப்பூர்ப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டேன். பரீதா என்றாள். நான் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அவரு ஒண்ணும் சொல்லலைங்க மாமி. பைலைப் பாத்துக்கிட்டே இருந்தாராம்" என்றாள்.

ஒன்றும் சொல்லவில்லை. நீ பள்ளியின் தாளாளர், குர்ஆனை முழுக்க மனனம் செய்த ஹாஃபிள், நாற்பது பாடம் வைத்து ஒழுக்கப் புத்தகம் போட்டவன். அந்தப் புத்தகத்தை எனக்கும் ஒன்று அனுப்பியிருந்தாய். முதல் பாடம் உண்மை பேசுதல். இரண்டாவது பாடம் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்ததைப் பேணுதல். அன்று காணாமல் போன உன் அத்தாவின் கடிகாரத்தை எடுத்தது யார் என்று அதுவரை உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அல்லாஹ்வுக்கு, எனக்கு, உனக்கு. அல்லாஹ் தன் நேரத்தில் சொல்வான். மற்ற இரண்டு பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வருஷம் கழித்து, இரண்டாவது தடவையாக, அதே பழி.

நசீமாவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். நீ வேண்டுமானால் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டமாட்டாய் என்று தெரியும்.

அப்போது உனக்குப் பதினொரு வயது. நம் வீட்டு முன்னறையில் சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவே பதினாறு பிள்ளைகளுக்கு நான் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய படிப்பு எதுவும் படித்தவள் இல்லை நான். என் அத்தா சொல்லிக் கொடுத்த ஓதல், அதற்கு மேல் இரண்டு மூன்று கிதாபு. ஆனாலும் ஊர் என்னை உஸ்தாதம்மா என்றது. சந்தைக்குப் போனால் காய்கறிக்காரப் பெண்கள்கூட எழுந்து நின்று கொடுப்பார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்கள், திருடமாட்டார்கள், பெரியவர்கள் முன்னால் கால் நீட்டமாட்டார்கள் என்று ஜம்பமாகச் சொல்லிக்கொள்வேன். உன்னை வைத்துத்தான் அந்தச் சவடால் எல்லாம். 'உஸ்தாதம்மா மகனைப் பார்' என்று மற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டும்போது எனக்கு உள்ளே ஜில்லென்று இருக்கும்.

பரீதாவுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் இல்லை. அவள் அம்மா புளிமண்டியில் கொட்டை எடுக்கிற வேலைக்குப் போவாள். அந்தப் பெண் குர்ஆனின் முப்பது பாகத்தில் இருபத்தாறாவது ஜுஸுவில் இருந்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் குர்ஆனை முடித்துவிடுவாள் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்கு அவளைப் பிடிக்காது, ஏனென்றால் நீ பத்தொன்பதில் நின்றிருந்தாய்.

உன் அத்தா வாரச் சந்தைகளில் துணி விற்றுவிட்டு வந்தால், தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்வதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் மேல் வைப்பார். எங்கள் கல்யாணத்துக்கு என் வீட்டில் போட்ட கடிகாரம் அது. ஒரு புதன்கிழமை அது ஜன்னலில் இல்லை. அறையில் இருந்தது பதினாறு பிள்ளைகளும் நீயும். ஆளுக்கு ஆள் கேட்டேன், யாரும் எடுக்கவில்லை என்றார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கடிகாரம்தானே, போனால் போகிறது. ஆனால் என் வீட்டில், என் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு திருட்டு என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ரைஹால் பலகையைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, அதன்மேல் குர்ஆனை வைத்தேன். எல்லோரும் ஒளு செய்துவிட்டு வரிசையாக வந்து, அதன்மேல் கை வைத்து, 'வல்லாஹி நான் எடுக்கவில்லை' என்று சொல்ல வேண்டும் என்றேன்.

உன் அத்தா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பேசுகிறவரே இல்லை, உனக்குத் தெரியும். அன்று பேசினார். "ஒரு கடியாரத்துக்குப் போயி குர்ஆனை எடுக்கிறியா? புள்ளைங்க அது. வெச்சிரு" என்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் அன்று மார்க்கம் தெரிந்த ஒரே ஆள் அப்படி வெளியே போனார். ஓதிக் கொடுக்கிறவள் உள்ளே இருந்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். ஆறு வயசுக் குழந்தைகள்கூட வந்து கை வைத்தன. நீ நான்காவதாக வந்தாய். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையை வைத்து, கணீரென்று சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கடைசியில் பரீதா. அவள் அன்று வந்ததிலிருந்தே தொண்டை வலி என்று சொல்லி ஓதாமல், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துக் காட்டிக்கொண்டு ஓரமாக இருந்தாள். கூப்பிட்டேன். வந்து நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க உஸ்தாதம்மா" என்றாள்.

எடுக்கவில்லை என்றால் கை வைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றாள். அப்புறம் என்ன என்றேன். "தொடக் கூடாதுங்க" என்றாள். ஏன் கூடாது என்று கத்தினேன். எட்டுப் பையன்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், உன்னையும் சேர்த்து. அவள் தரையைப் பார்த்தாள். அழவும் இல்லை. அந்த அழாமையைக்கூட நான் கள்ளத்தனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், பார்த்தீர்களா, பொய்ச்சத்தியம் செய்ய அல்லாஹ் அவளை விடவில்லை என்று அத்தனை பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். அவள் பையை எடுத்து வெளியே வைத்தேன். மறுநாள் காலைக்குள் பாப்பாரப்பட்டியில் எங்கள் தெருக்கள் முழுக்கத் தெரிந்துவிட்டது. குர்ஆனைத் தொடப் பயந்தவள் என்று பெயர். அந்தப் பெயரை எப்படித் துடைப்பது? எடுக்கவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல, 'அப்போ ஏன் தொடலை' என்ற கேள்விதான் திரும்பி வந்தது.

நான் ஒரு பெண். பெண்பிள்ளைகளுக்குத் தொழுகை இல்லாத நாட்களில் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று அதற்கு முந்தின மாதம்தான் பெரிய பெண்களை மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன். குர்ஆனைத் தொடக் கூடாது என்று என் வாயால்தான் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அது எட்டவில்லை. எட்டவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். இப்போது யோசித்தால், எட்டுவதற்கு நான் இடம் கொடுக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தாள். மண்டிக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார், திருப்பத்தூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகிறோம் என்றாள். சண்டை போட வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "அன்னிக்கித்தானுங்க எம்புள்ள பெரிய மனுசியாச்சு. எங்கிட்டச் சொன்னா ஓதப் போவ வுடமாட்டேன்னு மறைச்சிட்டு வந்திருக்குது. பசங்க முன்னாடி அத எப்படிங்க சொல்லும்?" நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'அட, அப்படியா' என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், மகனே. திருடவில்லை என்று அதனால் ஆகிவிடுமா என்று ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்து மனசுக்குள் வைத்துக்கொண்டேன். கேள்வி கிடைத்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

அந்தத் தூக்கமும் நான்கு மாதம்தான். குர்ஆனை மனனம் செய்ய உன்னை ஹிஃப்ஸ் மதரஸாவில் சேர்ப்பதற்குப் பெட்டி அடுக்கினேன். உன் தகரப் பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளை மாற்றலாம் என்று எடுத்தேன். அதன் கீழே உன் பழைய காலுறைக்குள் கடிகாரம் இருந்தது. கண்ணாடி உடைந்திருந்தது. நீ அப்போது கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டுக் காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாய். கட்டிப் பார்க்கத்தான் எடுத்தாயாம், கீழே விழுந்து உடைந்துவிட்டதாம், நான் ரைஹால் பலகையைக் கொண்டுவந்ததும் சொல்லப் பயமாகிவிட்டதாம். தேம்பித் தேம்பி அழுதாய். அப்புறம் நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. நீ மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

"அந்தப் புள்ளைகிட்ட போயி சொல்லிரலாம்மா. அத்தாவைக் கூட்டிட்டுப் போலாம்மா."

பதினொரு வயசில் உனக்கு அது தெரிந்திருந்தது. எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்திருந்தது. நான் உன் வாயைப் பொத்தினேன். நிஜமாகவே, இந்தக் கையால் பொத்தினேன். 'யாருகிட்டயும் சொல்லாத. அத்தாகிட்டயும் சொல்லாத. ஹிஃப்ஸுக்குப் போற புள்ள. ஊரு என்ன பேசும்' என்றேன். அன்று சாயங்காலம் உனக்குப் பிடித்த கோழிக் குழம்பு வைத்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். உனக்குப் பரிமாறியவளே நான்தான். கடிகாரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் மற்ற தகரத்தோடு சேர்த்துப் போட்டேன். பதினாறு பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக் கொடுத்தேன், பாதிப் பேருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. உனக்கு அன்று கொடுத்த ஒரு பாடம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. கமிட்டி மேஜையில் நீ பைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது என் கைதான். அதனால் உன்மேல் கோபப்பட எனக்கு உரிமை பாதிதான். ஆனால் உனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. என் கையைத் தட்டிவிடுகிற பலம் உனக்கு வந்து ரொம்ப நாளாகிறது.

நசீமா சொன்ன அன்று ராத்திரி நீ போனை எடுத்தாயே, அப்போது என்ன சொன்னாய்? 'சின்ன வயசுல நடந்ததும்மா. இப்ப கிளறினா ஸ்கூல் பேரு போயிரும். யார்கிட்டயும் சொல்லாதம்மா' என்றாய். என் வார்த்தையை எனக்கே திருப்பித் தந்தாய். பெற்ற கடனை அடைத்துவிட்டாய்.

போன நோன்பில் நீங்கள் இங்கே வந்திருந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். உன் மகள் உன் போனைக் கீழே போட்டுக் கண்ணாடியை உடைத்தாள். ஆறு வயசுக் குழந்தை, தானாக வந்து, 'அத்தா, நாந்தான் போட்டுட்டேன்' என்றது. இஃப்தாருக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அவளை நிறுத்தி வைத்து, தோப்புக்கரணம் போட வைத்தாய். பிள்ளைக்குப் பொறுப்பு வர வேண்டுமாம். மறுநாள் கண்ணாடி டம்ளர் உடைந்தது. யார் என்று கேட்டாய். 'பூனை' என்றாள். நம் வீட்டில் பூனையே கிடையாது. நீ சிரித்தாய், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ராத்திரியில் அந்தக் குழந்தை என்ன கற்றுக்கொண்டது என்று உன் நாற்பது பாடத்தில் எழுதியிருக்கிறாயா?

உன் பள்ளியில் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடப் போகிறீர்களாம், அறிவிப்பில் பார்த்தேன். உண்மை பேசினால் இத்தனை, ஸலாம் சொன்னால் இத்தனை. தொழுதாயா என்று தினமும் வகுப்பில் கையைத் தூக்கச் சொல்வீர்களாம். தொழாத பிள்ளையும் தூக்கும், மகனே. தூக்காத பிள்ளையைத்தான் நீங்கள் எழுப்பி நிறுத்துவீர்கள். அந்த வகுப்பில் உண்மை பேசிய ஒரே பிள்ளை அதுவாக இருக்கும். பெரிய பெண்கள் வகுப்பிலும் இதையே கேட்பீர்களா? மறைக்க வேண்டியதை மறைக்க முடியாமல் அவர்கள் தரையைப் பார்ப்பார்கள், நீங்கள் அதற்கும் மதிப்பெண் குறைப்பீர்கள். பிள்ளையிடம் ஒன்று கேட்க வேண்டுமானால் மற்றவர்களை முதலில் வெளியே அனுப்பு. பதில் சொல்லவில்லை என்றால் பொறு. அல்லாஹ்வின் பெயரைப் போலீஸ்காரனைப் போலக் கூப்பிடாதே. நான் கூப்பிட்டேன். அன்று அவன் பெயருக்குப் பயந்த பிள்ளையை வெளியே துரத்தினேன், பயப்படாத பிள்ளையை ஹாஃபிளாக்கினேன்.

இந்தப் பேச்சு உனக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

போன சனிக்கிழமை மொரப்பூர் போனேன். நசீமாவிடம் விலாசம் வாங்கித் தரச் சொன்னேன், எதற்கென்று அவளுக்குத் தெரியாது, அவளைத் திட்டாதே. தர்மபுரியில் பஸ் மாறிப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. புருஷன் தையல்காரர், முன்பக்கம் மிஷின் போட்டிருக்கிறார். பரீதா என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். முகம் மாறியது. ஆனாலும் ஸலாம் சொன்னாள், உட்காரச் சொன்னாள், டீ வைக்க எழுந்தாள். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். 

அவளும் வீட்டில் ஓதிக் கொடுக்கிறாள். திருப்பத்தூரில் யாரோ ஒரு மூத்த பெண்ணிடம் மிச்சத்தை ஓதி முடித்தாளாம். பிள்ளைகள் உட்கார ஒரு நீளப் பாய். அறையின் ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் இன்னொரு சின்னப் பாய். அது எதற்கு என்று கேட்டேன். "அங்க யாரு வேணா எந்த நாள் வேணா உக்காந்து காதால கேக்கலாங்க. ஏன் ஓதலைன்னு யாரும் கேக்கக் கூடாது. சின்னப் பசங்களும் போயி உக்காருவாங்க, வெளையாட்டுக்கு. அதனால யாருக்கும் ஒண்ணும் தெரியாது" என்றாள். அதை அவள் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. கேட்டேன், சொன்னாள். நான் படிக்காமல் விட்ட கிதாபு அந்தச் சேலைத் திரைக்குப் பின்னால் இருந்தது.

சொன்னேன். கடிகாரம் எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, நான் என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எடுத்தது என் மகன் என்றேன். தையல் மிஷின் நின்றுவிட்டது.  "அவரு அன்னிக்கிச் சின்னப் புள்ளைங்க. நீங்க பெரியவங்க" என்றாள் பரீதா. மாப்புக் கேட்டேன். என்னைவிட முப்பது வயசு சின்னவளிடம் கையைப் பிடித்துக் கேட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலையை ஆட்டினாள்.

"இப்ப சொன்னா வாய்வார்த்தையாத்தாங்க போவும். எங்கம்மா திருடியைப் பெத்தவங்கற பேரோடயே மவுத்தாயிட்டாங்க. கடைசி வரைக்கும் பாப்பாரப்பட்டிக்கு ஒருக்கா போயிட்டு வரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. போவலை. அவங்களுக்கும் சேத்து நான் எப்படிங்க மாப்புத் தர்றது?"

 ஓர் அடியானின் உரிமையை, அவன் ஹக்கை, அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்வே அதில் குறுக்கே வரமாட்டான் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று புருஷனிடம் சொல்லி எனக்கு வழி காட்டச் சொன்னாள். உன் பள்ளியில் ஒரு வேலைக்கு லாயக்கில்லை என்று நீங்கள் அனுப்பிவிட்ட பெண் அவள். நீ போட்ட நாற்பது பாடத்தையும் அவள் அந்தச் சந்து வீட்டில் நடத்திக்கொண்டிருக்கிறாள், புத்தகம் இல்லாமல்.

திரும்பி வந்ததும் மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன்னைத் தவிர. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, 'பழசை ஏம்மா கிளர்றீங்க, பள்ளிக்கூடம் தொறக்கற நேரம்' என்றார். அவருக்குப் பள்ளிக்கூடத்தின் பெயர். உனக்கும் அதே. அன்று எனக்கும் ஒரு பெயர் இருந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பெயரைக் காப்பாற்றினோம், போனது அவள் பெயர் ஒன்றுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதன்பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆளனுப்பினேன், அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். நீ இதை உன் தாயாருக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடித்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் சொன்னதை எழுதுகிறேன். தன் குறையைத் தானே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அல்லாஹ் மறைத்ததை மறைத்தே வைக்கலாம் என்றார். ஆனால் அந்தக் குறையை இன்னொருத்தர் தலையில் ஏற்றி வைத்திருந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும், ஏற்றிய இடத்திலேயே இறக்க வேண்டும் என்றார். ஏற்றிய இடம் இந்த ஊர். அதனால் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பரீதா எதையும் எடுக்கவில்லை, அவள் கை வைக்காததற்குக் காரணம் மார்க்கம் அவளுக்கு விதித்தது, அந்தக் காரணத்தைக் கேட்கும் தகுதி இந்த ஊரில் யாருக்கும் இல்லை, கடிகாரம் என் வீட்டுக்குள்ளேயே கிடைத்தது, எடுத்தவர் என் வீட்டு ஆள், தெரிந்தும் நான் மறைத்தேன் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடுத்தவர் பெயரை எழுதவில்லை. அதைச் சொல்வதற்கு வேறு ஒரு வாய் இருக்கிறது. ஒருமுறை அதைப் பொத்திய பாவமே எனக்குப் போதும், அதற்குப் பதிலாகப் பேசிய பாவமும் வேண்டாம்.

விழா ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் வெள்ளிக்கிழமை வருகிறது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஸலவாத்து ஓதிய பிறகு, ஹஜ்ரத் அந்தக் காகிதத்தை மைக்கில் வாசிப்பார். நீ வழக்கம்போல தர்மபுரியிலிருந்து வந்து முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாய். நான் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.  அவர் வாசித்து முடித்ததும் நீ எழுந்து நின்றால் எனக்கு ஒரு மகன் இருப்பான். எழவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு ஒரு தாளாளர் கிடைப்பார்.

உன் அம்மா